விமானத்தில் கோளாறு, மாற்று விமானம் வருகிறது என்றால்: செட்டிநாட்டுப் பயணிகளுக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் பக்கமிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ போய் விமானம் ஏறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பு, சென்னை என்று எங்கே போனாலும் சரி. அக்கம்பக்கத்தில் பலருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்து, விமானம் நின்றுபோன இரவுகளில் அவர்களோடு போனில் இருந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது. விதி தெரியாமல் தவிப்பவர்களைவிட, செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். கவுண்டரில் முதல் வேலையாக நஷ்டஈடு கேட்கிறார்கள். அதற்குள் அடுத்த விமானத்தின் இருக்கைகள் தீர்ந்துவிடுகின்றன. முதலில் இருக்கை, அப்புறம் சாப்பாடும் படுக்கையும், பணம் கடைசி. கீழே உள்ள வரிசையும் அதுதான்.

1. டிக்கெட் போடும் அன்றே: அதில் உங்கள் நம்பர் இருக்கிறதா?

நம் பக்கத்தில் டிக்கெட்டை டிராவல்ஸில் சொல்லி வாங்குவோம், இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை போட்டு அனுப்புவான். டிராவல்ஸ்காரர் அவசரத்தில் தன் கைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். பிள்ளை தன் வெளிநாட்டு எண்ணைப் போட்டிருப்பான். விமானம் தாமதம், ரத்து, நேர மாற்றம் என்று ஏர்லைன் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் போகும். கடை சாத்திய பிறகு இரவு பதினோரு மணிக்கு வந்த செய்தியை டிராவல்ஸ்காரர் காலையில்தான் பார்ப்பார்.

செய்தி கிடைக்காமல் போவதோடு இது முடிவதில்லை. டிக்கெட் போடும்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்குப் பண இழப்பீடு தர வேண்டியதில்லை என்று டிஜிசிஏ விதியே சொல்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தைத்தான் எல்லோரும் டிஜிசிஏ என்கிறார்கள். உங்கள் நம்பர் டிக்கெட்டில் இல்லையென்றால், பின்னால் மல்லுக்கு நிற்பதற்கான தரையே காலடியில் இல்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. டிக்கெட் கைக்கு வந்ததும் ஏர்லைனின் இணையதளத்திலோ ஆப்பிலோ பிஎன்ஆர் என்னும் முன்பதிவு எண்ணையும் பெயரையும் போட்டுத் திறந்து, தொடர்பு விவரத்தில் பயணம் செய்பவரின் இந்திய எண்ணைச் சேர்க்கவும். ஆச்சி தனியாகப் போகிறார், அவருக்குச் செய்தி படிக்க வராது என்றால், ஊரில் எந்நேரமும் போன் எடுக்கும் ஒருவரின் எண்ணையும் கூடவே கொடுங்கள். ஏஜென்ட் தளம் வழியே வாங்கிய சில டிக்கெட்டுகளில் நீங்களாகத் திருத்த முடியாது. அப்போது ஏஜென்டிடமே சொல்லி மாற்றச் சொல்லுங்கள், மாற்றியதற்கான ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள்.

2. இரண்டு விமானம் மாறுவதானால் ஒரே பிஎன்ஆர்

திருச்சி - சென்னை ஒரு டிக்கெட், சென்னை - துபாய் வேறொரு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் சில சமயம் விலை குறையும். ஆனால் திருச்சி விமானத்தில் கோளாறு வந்து நீங்கள் சென்னைக்குப் பிந்திப் போனால், துபாய் விமானக்காரர்களைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அந்தப் பணம் போய்விடும்.

ஒரே பிஎன்ஆரில் இரண்டு விமானமும் இருந்தால், கடைசி ஊர் வரைக்கும் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அப்படிக் கிடைக்கவில்லை, பிரித்துத்தான் வாங்க வேண்டும் என்றால், முந்தின நாளே சென்னைக்குப் போய்விடுங்கள். காரைக்குடியிலிருந்து அதிகாலையில் கிளம்பும் பல்லவன் ரயில் மதியவாக்கில் எழும்பூரில் இறக்கிவிடும். நள்ளிரவு விமானத்துக்கு அது தாராளம்.

கல்யாணம், சாந்தி, கும்பாபிஷேகம் என்று தேதி குறித்த காரியத்துக்கு வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு வந்திறங்கும் டிக்கெட்டை வாங்காதீர்கள். ஒரு நாள் இடைவெளி இருந்தால் மாற்று விமானத்தில் வந்தாலும் மாலை மாற்றுவதற்குள் வந்துவிடலாம்.

3. கைப்பையில் என்ன இருக்க வேண்டும்

மருந்து, இரண்டு நாளுக்கு. மருந்துச் சீட்டு. சார்ஜரும் பவர் பேங்கும். மாற்றுத்துணி ஒன்று. பாஸ்போர்ட், விசா, வேலை அனுமதிக் கடிதம் இவற்றின் தாள் நகல்.

மணகோலம், சீப்பு சீடை போன்ற பலகாரம் பெட்டிக்குள் போகட்டும், சுகர் மாத்திரை போகக் கூடாது. பெட்டி ஒருமுறை உள்ளே போய்விட்டால், விமானம் நின்றுபோனாலும் அது எப்போது கைக்குத் திரும்பும் என்று அங்கிருப்பவர்களுக்கே தெரியாது.

4. வீட்டை விட்டுக் கிளம்புமுன்: உங்கள் விமானம் இப்போது எங்கே?

திருச்சியிலும் மதுரையிலும் சும்மா நிறுத்தி வைத்திருக்கும் உபரி விமானம் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைச் சிங்கப்பூருக்கு ஏற்றிப்போகும் விமானம் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம்போல நின்று திரும்பும் அதே விமானம். ஆகவே கோளாறு அங்கே வந்தாலும் இங்கே உங்கள் பயணம் கெடும்.

கிளம்புவதற்கு முன் ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில், உங்கள் ஊருக்கு வர வேண்டிய விமானம் புறப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியே வந்தால் நிலையம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது, நகருக்குள் போக வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். மதுரைக்கும் ஏறக்குறைய அதே நேரம்.

வர வேண்டிய விமானம் இன்னும் கிளம்பவே இல்லை என்று தெரிந்தாலும், குறித்த நேரத்துக்கு நிலையத்தில் இருங்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். 'எப்படியும் லேட்தானே' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏர்லைன் அதிகாரபூர்வமாக நேரத்தை மாற்றாத வரை செக்-இன் பழைய நேரத்துக்கே மூடப்படும். மூடிய பிறகு போனால் நீங்கள் 'வரவில்லை' என்று பதிவாகும். போக வர ஒரே டிக்கெட் என்றால், திரும்பி வரும் இருக்கையும் சேர்ந்து ரத்தாகலாம். தளத்தில் பார்ப்பது உங்கள் மனத் தயாரிப்புக்கு. நேரத்தை மாற்ற வேண்டியது ஏர்லைன்.

வந்த காரை உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் விமானம் தரையிறங்கிவிட்டது என்று தெரியும் வரை டிரைவரைக் காத்திருக்கச் சொல்வதற்கு ஆகும் வெயிட்டிங் சார்ஜ், நடுராத்திரியில் புது வண்டி பிடிக்கும் செலவைவிடக் குறைவு.

5. 'டெக்னிக்கல்' என்று அறிவித்தால் அதற்குள் மூன்று கதை இருக்கும்

எல்லாக் கோளாறும் ஒன்றல்ல. எது என்று தெரிந்தால் எவ்வளவு நேரம் என்று ஊகிக்கலாம்.

முதல் வகை, பறக்கலாமா என்று ஏடு பார்த்துத் தீர்மானிக்கும் கோளாறு. எந்தச் சாதனம் வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் உண்டு. எம்இஎல் என்பார்கள். பொறியாளர் சோதித்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, கேப்டன் ஏற்றுக்கொண்டால் கிளம்பிவிடும். அரை மணி, ஒரு மணி ஆகலாம். தரையில் நிற்கும்போது உள்ளே ஏசி வராமல் வியர்த்துக் கொட்டுவது பல நேரம் இந்த வகை. வால்பகுதியில் இருக்கும் துணை எஞ்சின்தான் தரையில் ஏசிக்குக் காற்று தரும். அது பழுதானால் வெக்கைதான், ஆனால் பெரிய எஞ்சின்கள் ஓட ஆரம்பித்ததும் சரியாகும். அதற்காகப் பயந்து இறங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, உதிரிப் பாகம் வேண்டும். பாகமோ, அந்த வேலைக்கு உரிமம் உள்ள பொறியாளரோ சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர வேண்டும். அப்படியென்றால் அடுத்த விமானத்தில் வந்து சேர வேண்டும். ஐந்தாறு மணி நேரத்துக்குக் குறையாது.

மூன்றாவது, அந்த விமானம் இன்று பறக்காது. மாற்று விமானம் வந்தாக வேண்டும்.

நீங்கள் ஏறிக் கிளம்பிய பிறகும் இது நடக்கும். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி வட்டாரத்து வானிலேயே சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. அது போயிங் 737. அந்த ரகத்தில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. எடையைக் குறைக்க எரித்தே தீர்க்க வேண்டும், அதற்காகத்தான் சுற்றுவது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் வட்டமடிப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

6. மாற்று விமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கவுண்டரில் 'எப்போது கிளம்பும்?' என்று கேட்டால் 'அப்டேட் வரும் சார்' என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'மாற்று விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது? அங்கிருந்து கிளம்பிவிட்டதா?' இதற்குப் பெரும்பாலும் பதில் இருக்கும்.

பதில் தெரிந்தால் கணக்கு நீங்களே போடலாம். சென்னை, பெங்களூர், கொழும்பு என்றால் பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்றால் ஏறக்குறைய நான்கு மணி. இதோடு அங்கே விமானத்தையும் விமானிகளையும் தயார் செய்ய இரண்டு மணி, இங்கே வந்து இறக்கி ஏற்ற ஒரு மணி. ஆக, சிங்கப்பூரிலிருந்து இனிமேல்தான் கிளம்ப வேண்டும் என்றால் ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக எந்த நேரம் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று தவணை முறையில் சொல்வார்கள். உங்கள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டையும் தூக்கத்தையும் திட்டமிடுங்கள்.

இன்னொன்று, விமானிகளின் பணி நேரம். ஒருவர் இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கோளாறு சரியாகியும் விமானம் கிளம்பாமல் நின்றால் காரணம் அநேகமாக இதுதான். அப்போது மாற்று விமானிகள் வர வேண்டும், இல்லையென்றால் இவர்களே ஓய்வெடுத்துவிட்டு வர வேண்டும். அது மறுநாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தளத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விமானத்தின் பதிவு எண் விடி (VT) என்று தொடங்கினால் இந்தியா, 9வி சிங்கப்பூர், 9எம் மலேசியா, 4ஆர் இலங்கை. உங்கள் விமானத்துக்கு நேரே காட்டும் பதிவு எண் மாறினால் மாற்று விமானம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அறிவிப்பு வருவதற்கு முன்பே இது தெரிந்துவிடுவதும் உண்டு.

7. தாமதமா, ரத்தா? எழுத்தில் வாங்குங்கள்

இது சொல் விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் பணம் இங்கேதான் பிரிகிறது. இந்திய விதியில், ரத்து என்றால் பண இழப்பீட்டுக்கு வழி உண்டு. தாமதம் என்றால் சாப்பாடு, அறை, வேறு விமானம் அல்லது டிக்கெட் பணம் இவைதான். தனியாக இழப்பீட்டுத் தொகை இல்லை. இருபது மணி நேரம் கழித்துக் கிளம்பினாலும் அதே விமான எண் என்றால் அது தாமதம் என்றே பதிவாகும்.

ஆகவே குறுஞ்செய்தி, மின்னஞ்சல், நிலையத்துப் பலகை எல்லாவற்றையும் நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிறகு கவுண்டரில், தாமதமா ரத்தா, காரணம் என்ன என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் கேளுங்கள். கையில் தராவிட்டாலும் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் இந்தக் கடிதம் இல்லாமல் ஒரு ரூபாய் பெயராது. வாய்வார்த்தை எதற்கும் உதவாது.

8. காத்திருப்பதா, வேறு விமானமா, பணத்தைத் திரும்ப வாங்குவதா

இந்த முடிவை வரிசையில் நிற்கும்போதே எடுங்கள். கவுண்டர் முன்னால் போய்ச் சேர்ந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. வரிசையில் ஒருவர் நிற்கட்டும், இன்னொருவர் கால்சென்டரைக் கூப்பிடட்டும். எது முதலில் கிடைக்கிறதோ அதில் இருக்கையைப் பிடியுங்கள்.

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், 6 மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் அல்லது முழுப் பணம் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை ஏர்லைன் தர வேண்டும். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றால் திருச்சியிலிருந்து இரவில் மலைக்கோட்டை முதலாக ரயில்கள் இருக்கின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவதே பல நேரம் புத்திசாலித்தனம்.

வெளிநாடு என்றால் அவசரப்பட்டுப் பணம் கேட்காதீர்கள். பணம் வாங்க ஒப்புக்கொண்ட கணமே உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவர்களை விட்டுப் போகிறது. அறையும் சாப்பாடும் கேட்க முடியாது. அன்றைக்கு அன்றே வாங்கும் புது டிக்கெட்டின் விலை, திரும்பி வரும் பணத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புது டிக்கெட் என்ன விலை என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கோபத்தில் ஆப்பைத் திறந்து 'கேன்சல்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். இந்தத் தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அது நீங்களாக விருப்பப்பட்டு ரத்து செய்ததாக எடுத்துக்கொள்ளப்படும், ரத்துக் கட்டணமும் பிடிப்பார்கள். விமானம் தடைப்பட்டதற்காக ஏர்லைன் அனுப்பும் செய்தியில் தனி இணைப்பு இருக்கும். அதன் வழியாக, இல்லாவிட்டால் கவுண்டர் வழியாக மட்டும் மாற்றவோ பணம் கேட்கவோ செய்யுங்கள். டிராவல்ஸ்காரரும் பதற்றத்தில் தன் கணினியில் ரத்து செய்துவிடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டின் பணம் ஏஜென்ட் வழியாகவே திரும்பும். ஆனால் திருப்பித் தரும் பொறுப்பு ஏர்லைனுடையது என்பது டிஜிசிஏ விதி. 'கம்பெனியில் இருந்து வரல அண்ணே' என்று இவரும், 'ஏஜென்டைக் கேளுங்கள்' என்று அவர்களும் சொன்னால், ஏர்லைனுக்கே எழுதுங்கள்.

9. சாப்பாடும் அறையும்

கேட்டால்தான் கிடைக்கும். பறக்கும் நேரம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரம் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை முதல் 5 மணி வரை பறப்பதற்கு 3 மணி நேரத் தாமதம், அதற்கும் மேல் பறப்பதற்கு 4 மணி நேரம். சென்னை விமானம் முதல் வகை. சிங்கப்பூர், துபாய் எல்லாம் இரண்டாம் வகை.

24 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றாலோ ஹோட்டல் அறை, போக வர வண்டியோடு. நம் பக்கத்து வெளிநாட்டு விமானங்கள் பல இரவில்தான், ஆகவே இரண்டாவது விதி நமக்கு முக்கியம்.

'நீங்கள் உள்ளூர்க்காரர்தானே, வீட்டுக்குப் போய் வாருங்கள்' என்பார்கள். காரைக்குடி திருச்சிக்கு உள்ளூர் அல்ல. போக வர 180 கிலோமீட்டர் என்று பொறுமையாகச் சொல்லி அறை கேளுங்கள். வயதானவர்களோடு இருந்தால் வீட்டுக்குத் திரும்புவதை நான் சொல்ல மாட்டேன், கிளம்பும் நேரம் திடீரென்று முன்னால் வந்தால் வந்துசேர முடியாது. போயே தீருவோம் என்றால், மறுபடி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைச் செய்தியாக வாங்கிக்கொண்டு, கார் பில்லையும் வாங்கி வையுங்கள்.

10. வெளியே வரும்போது: பாஸ்போர்ட் முத்திரை, பெட்டி

இமிக்ரேஷன் முடிந்த பிறகு விமானம் ரத்தாகி வெளியே வர நேர்ந்தால், தாளில் நீங்கள் நாட்டை விட்டுப் போனவர். அந்தப் புறப்பாட்டு முத்திரையை அதிகாரி ரத்து செய்ய வேண்டும். ஏர்லைன் ஊழியர் கூட்டமாக அழைத்துப்போவார். தனியாக நழுவாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரைமேல் ரத்துக் குறி விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வரியில்லாக் கடையில் ஏதாவது வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெட்டியை வாங்கிக்கொள்ளச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

11. மாற்று விமானம் வந்ததும்

பழைய போர்டிங் பாஸ் செல்லாமல் போகலாம். புது விமானத்தின் இருக்கை அமைப்பு வேறாக இருந்தால் எல்லோருக்கும் புதிதாக ஒதுக்குவார்கள். குடும்பம் பிரிந்துவிட்டால் அங்கேயே சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கிய இருக்கை கிடைக்கவில்லை என்றால் அந்தக் காசு திரும்ப வேண்டும். பழைய போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள். சக்கர நாற்காலியும் சைவ உணவும் புது விமானத்துக்குத் தானாக வந்து சேராது, மறுபடி சொல்லுங்கள்.

மாற்று விமானம் சின்னதாக இருந்தால் இடம் பற்றாது. ஏ320 ரகத்தில் 180 பேர் அமரலாம். உள்நாட்டில் ஓடும் ஏடிஆர் 72ல் 78 பேர்தான். முதலில், யாராவது தாங்களாக இடம் தருகிறீர்களா என்று கேட்க வேண்டும். விருப்பமில்லாமல் உங்களை இறக்கினால், பழைய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததில் 200 சதவீதம், ரூ.10,000 வரை. அதற்கும் மேல் போனால் 400 சதவீதம், ரூ.20,000 வரை.

பிசினஸ் வகுப்பில் வாங்கியவரை மாற்று விமானத்தில் சாதாரண வகுப்பில் உட்காரவைத்தால், 2023 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, உள்நாட்டுக்கு வரியோடு சேர்ந்த டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்ப வேண்டும். வெளிநாட்டுக்குத் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம். 1,500 கிலோமீட்டருக்குள் இருக்கும் கொழும்பு முதல் வகை. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் மூன்றும் நடுவகை.

தேதியோ விமான எண்ணோ மாறினால் சிங்கப்பூர் வருகை அட்டையையும் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையையும் திருத்துங்கள். இரண்டும் இலவசம். யாராவது பணம் கேட்டால் அது போலித் தளம். வேலைக்குப் போகிறவர்கள் கம்பெனிக்கு உடனே செய்தி அனுப்புங்கள், அனுமதிக் கடிதத்தின் கடைசித் தேதியையும் பாருங்கள்.

12. போய்ச் சேர்ந்த பின்: பணம்

இப்போதுதான் நஷ்டஈட்டு வேலை. விமானம் ரத்தாகி, 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வரவில்லை என்றால் இந்திய விதிப்படி தொகை இப்படி: பறக்கும் நேரம் ஒரு மணி வரை ரூ.5,000, இரண்டு மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. ஆனால் இந்தத் தொகை, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். சலுகை விலையில் 3,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டுப் பத்தாயிரம் எதிர்பார்க்கக் கூடாது. வவுச்சர் நீட்டினால், உங்கள் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. வங்கிக் கணக்கில் கேளுங்கள்.

மறுப்பு வரும். 'எங்கள் கையில் இல்லாத காரணம்' என்பார்கள். விதியில் அப்படிப்பட்ட காரணங்களாகப் பெயர் சொல்லப்பட்டவை இயற்கைச் சீற்றம், கலவரம், வேலைநிறுத்தம், வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்றவை. விமானக் கோளாறு அங்கே பெயர் சொல்லி இல்லை. ஆகவே ஒரு வரி மறுப்பை ஏற்காமல், என்ன கோளாறு, அதைத் தவிர்க்க என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பறவை மோதியதென்றால் அவர்கள் வாதத்துக்குப் பலம் அதிகம், பராமரிப்பில் வந்த கோளாறு என்றால் உங்களுக்கு.

வெளிநாட்டுப் பயணத்தில் தாமதத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009ல் சேர்ந்தது. அதன்படி தாமதத்தால் உண்மையில் ஆன நஷ்டத்தைக் கேட்கலாம்: ஹோட்டல், சாப்பாடு, கார், தவறவிட்ட அடுத்த டிக்கெட். பில் இருப்பதற்கு மட்டும்தான் கிடைக்கும். மன உளைச்சலுக்குத் தொகை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேவையான எல்லாம் செய்தோம் என்று நிரூபித்தால் அவர்கள் தப்பலாம். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

புகார் போகும் வரிசை: முதலில் ஏர்லைனின் வாடிக்கையாளர் பிரிவு, பிறகு புகார்களைக் கவனிக்க அவர்கள் வைத்திருக்கும் நோடல் அதிகாரி, அப்புறம் அரசின் ஏர்சேவா தளம். நேராக ஏர்சேவாவுக்குப் போனால், ஏர்லைனிடம் கேட்டீர்களா என்ற கேள்வியோடு திரும்பி வரும். நுகர்வோர் உதவி எண் 1915.

அதிலும் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஏர்லைனின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த டிக்கெட் தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டுகள். மனுவோடு டிக்கெட், இரண்டு போர்டிங் பாஸ்கள், ஏர்லைன் கடிதம், குறுஞ்செய்திப் படங்கள், பில்கள், நோடல் அதிகாரியின் பதில் இவற்றைத் தேதி வரிசையில் எண் போட்டு இணையுங்கள்.